புளிக்காத கிம்ச்சியில் ஜிகே வைக்காதீர்கள்: கொரியாவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

தென்கொரியாவின் தேஜோன் நகருக்கு வந்த முதல் மாதத்தில் மூன்று முறை கிம்ச்சி ஜிகே, அதாவது மிளகாய் போட்டுப் புளிக்கவைத்த முட்டைக்கோஸில் வைக்கும் குழம்பு, வைத்தேன். முதல் முறை, முட்டைக்கோஸை மிளகாய்த் தண்ணீரில் வேகவைத்த மாதிரி இருந்தது. இரண்டாம் முறை ஊரிலிருந்து கொண்டுவந்த மிளகாய்த்தூளைக் கொரிய அளவுக்கு அள்ளிப் போட்டுவிட்டு, அரை லிட்டர் பாலைக் குடித்துப் படுத்தேன். மூன்றாம் முறை ருசி வந்துவிட்டது. ஆனால் மாட்டிறைச்சி தொடாத நண்பனுக்கு மாட்டிறைச்சிப் பொடி போட்ட ஜிகேயை இரண்டு கிண்ணம் பரிமாறியிருக்கிறேன் என்பது, அவன் கிளம்பிப் போன பிறகு குப்பையைப் பிரிக்கும்போதுதான் தெரிந்தது. இன்னும் அதைச் சொல்லிக் காட்டுகிறான்.

ஜிகே என்றால் நம் குழம்புக்கும் ரசத்துக்கும் நடுவில் ஒன்று. ரசத்தைவிடக் கெட்டி, குழம்பைவிட நீர்த்தது, சோற்றோடு சாப்பிடுவது. கடையில் ஒரு கிண்ணம் 8,000, 9,000 வான் ஆகிறது; வீட்டில் அதில் பாதிகூட ஆகாது. சமைப்பதும் கஷ்டமில்லை, முக்கால் மணி நேர வேலை. நான் சொதப்பியதெல்லாம் அடுப்புக்கு முன்னால் இல்லை, கடையில். அதனால் இந்தக் கட்டுரையில் பாதி, கடையில் என்ன பார்க்க வேண்டும் என்பதைப் பற்றித்தான் இருக்கும்.

1. கிம்ச்சி புளித்ததா என்று பாருங்கள்

இது ஒன்றைச் சரியாகச் செய்தால் மற்றதெல்லாம் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் சமாளித்துவிடலாம். புதிதாகப் போட்ட கிம்ச்சி சாலட் மாதிரி, மொறுமொறுவென்று இருக்கும், இனிப்பும் காரமும் தனித்தனியாகத் தெரியும். அதைக் கொதிக்க வைத்தால் ஒன்றும் நடக்காது. புளிப்பு இல்லாத கிம்ச்சியில் ஜிகே வைப்பது புளி கரைக்காமல் புளிக்குழம்பு வைப்பது போலத்தான்.

உங்களுக்கு வேண்டியது ஷின் கிம்ச்சி, அதாவது புளித்த கிம்ச்சி. அதைவிடப் பழையது, மாதக்கணக்கில் குளிரில் கிடந்தது, முகுன்ஜி. இரண்டும் நல்லதே. பச்சடிகளை எடைபோட்டு விற்கும் பன்ச்சான் கடைகள் எல்லாச் சந்தையிலும் உண்டு. அங்கே போய் "ஷின் கிம்ச்சி இஸ்ஸொயோ?" என்று கேளுங்கள், இருக்கிறதா என்று அர்த்தம். நான் யுசோங் சந்தையில் வாங்குகிறேன். அது ஐந்து நாளுக்கு ஒரு தடவை கூடும் சந்தை, 4, 9 என்று முடியும் தேதிகளில். அங்கே கடை போடும் அம்மாளை எல்லோரும் 'இமோ' என்கிறார்கள்; சித்தி, பெரியம்மா இரண்டு பேருக்கும் அங்கே அதுதான் சொல். முதல் தடவை நான் ஜிகேவுக்கு என்று சொன்னதும், முன்னால் அடுக்கியிருந்த பளபளப்பான கிம்ச்சியைக் கையால் ஒதுக்கிவிட்டு, மேசைக்கு அடியிலிருந்து ஒரு வாளியை இழுத்தார். இலை ஆரஞ்சு கலந்த பழுப்பாகி, கண்ணாடி போல் லேசாக உள்ளே தெரிந்தது. ஒரு துணுக்கைக் கிள்ளி என் வாயில் போட்டார், கண்ணைச் சுருக்கவைக்கும் புளிப்பு. அந்த நிறத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சூப்பர் மார்க்கெட்டில் வாங்குகிறவர்களுக்கு ஒரு வழி: தேதி முடியப் போகிறது என்று விலை குறைத்து ஸ்டிக்கர் ஒட்டிய கிம்ச்சிப் பையைத் தேடுங்கள். ஜிகேவுக்கு அதைவிடப் பொருத்தமானது கிடையாது. பை பந்துபோல் உப்பியிருந்தால் பயப்பட வேண்டாம், புளிக்கும்போது வரும் வாயு அது. ஆனால் வீட்டில் திறக்கும்போது பாத்திரம் கழுவும் தொட்டிக்குள் வைத்துத் திறங்கள், சட்டையை மாற்றிக்கொண்டு திறந்தால் இன்னும் நல்லது.

புதுக் கிம்ச்சிதான் கிடைத்ததென்றால் டப்பாவில் முக்கால் பங்குக்கு மேல் நிரப்பாமல், மூடியை இறுக்காமல், அறையில் வெளியே வையுங்கள். கோடையில் ஒரு நாள், குளிர்காலத்தில் இரண்டு மூன்று நாள். தினமும் சுத்தமான கரண்டியால் அழுத்திவிடுங்கள், இலை சாறுக்குள் முங்கியிருக்க வேண்டும். இதற்கும் பொறுமை இல்லாதவர்கள் கொதிக்கும்போது ஒரு தேக்கரண்டி வினிகர் விடுவார்கள். விட்டுப் பார்த்தேன். புளித்தது, ஆனால் அந்த ஆழம் வரவில்லை.

பழைய கிம்ச்சியின் மேல் வெள்ளையாக மெல்லிய ஏடு படிந்திருந்தால் அது ஈஸ்ட். கழுவிவிட்டு வேகவைத்துச் சாப்பிடுகிறார்கள். பச்சையாகவோ கறுப்பாகவோ பூசணம் தெரிந்தால் யோசிக்காமல் தூக்கிப் போடுங்கள்.

2. லேபிளைப் படிக்காமல் கூடையில் போடாதீர்கள்

சைவம் சாப்பிடுகிறவர்கள் கவனிக்க: கிம்ச்சி காய்கறி என்பதால் சைவம் என்று நினைத்துவிடாதீர்கள். அனேகமாக எல்லாக் கிம்ச்சியிலும் உப்பில் ஊறிய குட்டி இறால் அல்லது நெத்திலிச் சாறு இருக்கும். லேபிளில் 'சேஉஜொத்', 'அக்ஜொத்' என்று வரும் சொற்கள் இவைதான். மீன் சேர்க்காதது 'வீகன் கிம்ச்சி' என்று தனியாக விற்கிறது, பெரிய கடைகளில் கிடைக்கும். சந்தையில் வாய்விட்டுக் கேட்டால் "காய்தானே" என்று சிரித்துக்கொண்டே தலையாட்டிவிடுவார்கள். ஏமாற்றுவதற்காகச் சொல்வதில்லை, அவர்கள் கணக்கில் இறால் ஒரு மசாலா.

மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் கவனிக்க: 'தாஷிதா' என்று சூப்புப் பொடி விற்கும். சும்மா தாஷிதா என்று கேட்டால் கைக்கு வருவது பெரும்பாலும் மாட்டிறைச்சிப் பொடிதான். என் நண்பன் கதை இப்படித்தான் நடந்தது. 'சோகோகி' அல்லது 'ஸ்வேகோகி' என்றால் மாடு, 'த்வேஜி' என்றால் பன்றி, 'மியோல்ச்சி' என்றால் நெத்திலி. பாப்பாகோ என்கிற மொழிபெயர்ப்புச் செயலியில் காமிராவை லேபிள்மேல் பிடித்தால் படித்துச் சொல்லிவிடும். பாக்கெட்டின் முன்பக்கத்தைப் பிடிக்காதீர்கள், பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் பிடியுங்கள்.

தேதி விஷயம்: 2023 ஜனவரியிலிருந்து இங்கே பாக்கெட்டில் போடுவது 'இந்தத் தேதிக்குள் சாப்பிடுங்கள்' என்ற தேதி. அதற்கு முன்னால் 'இந்தத் தேதிவரை விற்கலாம்' என்பது இருந்தது. பழைய ஆட்கள் சிலர் "தேதி தாண்டியும் நாலு நாள் போகும்" என்பார்கள், அது அந்தப் பழைய கணக்கு. டோஃபு என்கிற சோயாக் கட்டிக்கும் இறைச்சிக்கும் அதை நம்பாதீர்கள்.

அப்புறம், வந்த புதிதில் ஆன்லைனில் வாங்கிக்கொள்ளலாம் என்று திட்டம் போடாதீர்கள். வெளிநாட்டவர் பதிவு அட்டை கைக்கு வந்து, உங்கள் பெயரில் போன் எண் வாங்கும்வரை பல கடைகளின் அடையாளச் சரிபார்ப்பிலேயே நின்றுவிடுவீர்கள். அட்டைக்கு நாட்டுக்குள் வந்த 90 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும், அதற்கு முன்பதிவும் வேண்டும், அட்டை வருவதற்கு வாரங்கள் ஆகும். அதுவரை சந்தை, கையில் ரொக்கம், மடக்கிய துணிப்பை. எனக்குக் கொரிய எண்கள் மனப்பாடம் ஆனது அந்த வாரங்களில்தான்.

3. வாங்க வேண்டியவையும் செலவும்

இரண்டு பேருக்கு: புளித்த கிம்ச்சி 300 கிராம், பன்றி இறைச்சி 200 கிராம், டோஃபு அரைக்கட்டி, பாதி வெங்காயம், தேபா என்கிற தடித்த வெங்காயத்தாள் ஒரு தண்டு, நசுக்கிய பூண்டு ஒரு மேசைக்கரண்டி, கொச்சுகாரு என்கிற கொரிய மிளகாய்த்தூள் ஒரு மேசைக்கரண்டி, சர்க்கரை ஒரு தேக்கரண்டி. காரம் போதாது என்பவர்களுக்கு சோங்யாங் மிளகாய் ஒன்று. நமக்குப் போதாதுதான், இரண்டாகவே வாங்குங்கள்.

நான் கடைசியாக வாங்கியபோது கிம்ச்சி கிலோ 9,000 வான், டோஃபு 1,800, இறைச்சி 600 கிராம் 8,500. இதில் ஜிகேவுக்குப் போனதை மட்டும் கணக்குப் பார்த்தால், பூண்டு வெங்காயம் சேர்த்து, கிண்ணத்துக்கு 4,000 வானுக்குள் முடிந்தது. கொச்சுகாரு பை மட்டும் முதலில் பெரிய செலவாகத் தெரியும், ஆனால் அது மாதக்கணக்கில் வரும். திறந்த பையை ஃப்ரீசரில் வையுங்கள்.

இறைச்சிக் கடையில் 'கன்' என்று ஒரு எடை சொல்வார்கள். இறைச்சிக்கு ஒரு கன் 600 கிராம். அதே கன் காய்கறிக்கு 400 கிராம். ஏன் என்று கேட்காதீர்கள், கேட்டுப் பார்த்துவிட்டேன். ஜிகேவுக்கு முன்தொடை போதும், 'அப்தாரிசல்' என்று கேளுங்கள். விலை குறைவு, கொழுப்பும் அளவாக இருக்கும். சம்கியொப்சல் என்கிற வயிற்றுப் பகுதி ருசிதான், ஆனால் எண்ணெய் மேலே மிதக்கும், பையும் காலியாகும்.

டோஃபுவில் மூன்று வகை. வறுப்பதற்கு என்று கெட்டியானது, ஜிகேவுக்கு என்று கொஞ்சம் மெத்தென்றது, தயிர்போல் குழைவாக இருக்கும் சுந்துபு. பெட்டியில் 'ஜிகேயோங்' என்று இருப்பதை எடுங்கள்.

மிளகாய்த்தூளில் மட்டும் ஊர்ப்பாசம் காட்டாதீர்கள். கொச்சுகாரு விதை நீக்கிய மிளகாய், நொய் மாதிரி கரகரப்பாக இருக்கும், நிறம் அதிகம், காரம் குறைவு, லேசாக இனிக்கும். நம் தூள் ஒரு மேசைக்கரண்டி போட்டால் என் இரண்டாவது முயற்சிதான் உங்களுக்கும். மல்லி கலந்த குழம்புத்தூள் என்றால் பேச்சே இல்லை, அது வேறு ஏதோ குழம்பாகிவிடும்.

4. சட்டியும் அடுப்பும்

ஜிகே என்றதும் எல்லோருக்கும் அந்தக் கறுப்பு மண்சட்டியில், துக்பேகியில், கொதிக்கக் கொதிக்கச் சாப்பிட ஆசை. வாங்குவதற்கு முன்னால் உங்கள் ஒன்ரூமில், அதாவது ஒற்றை அறை வீட்டில், என்ன அடுப்பு என்று பாருங்கள். இண்டக்‌ஷன் என்றால் மண்சட்டி சூடே ஆகாது. நான் வாங்கி வந்து பத்து நிமிடம் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். காந்தம் ஒட்டும் அடிப்பாகம் உள்ள எவர்சில்வர் பாத்திரம் போதும், அடி கனமாக இருக்கட்டும்.

கேஸ் அடுப்பு இருக்கிற பாக்கியசாலிகள் துக்பேகி வாங்கினால், நம் மண்சட்டியைப் பழக்குவது போலவே முதலில் அரிசி களைந்த தண்ணீர் ஊற்றிக் கொதிக்க வைத்துப் பழக்குங்கள், இங்கேயும் அப்படித்தான் செய்கிறார்கள். சோப்புப் போட்டுத் தேய்க்காதீர்கள். மண் சோப்பைக் குடித்துவிட்டு அடுத்த சமையலில் திருப்பிக் கொடுக்கும்.

5. அரிசி களைந்த தண்ணீரைக் கொட்டாதீர்கள்

வெறும் தண்ணீருக்குப் பதில் இங்கே ஜிகேவுக்கு ஊற்றுவது அரிசி களைந்த தண்ணீர், 'சல்துமுல்'. நம் வீட்டில் கழுநீர் என்று மாட்டுக்குப் போனது இங்கே குழம்புக்குள் போகிறது. முதல் தண்ணீரைக் கொட்டிவிட்டு இரண்டாம், மூன்றாம் தண்ணீரில் 600 மில்லி எடுத்து வையுங்கள். அதன் மாவுத்தன்மை சாறுக்கு ஒரு பிடிப்பைத் தருகிறது, இறைச்சியின் வாடையையும் குறைக்கிறது. கொரியக் குட்டை அரிசியில் நன்றாக வரும்.

இன்னும் ஒரு படி மேலே போக நினைத்தால் நெத்திலிச் சாறு. சூப்புக்கென்று விற்கும் பெரிய காய்ந்த நெத்திலி பத்து எடுத்து, தலையையும் வயிற்றுக்குள் இருக்கும் கறுப்பையும் கிள்ளி எறிந்துவிட்டு (அது கசக்கும், கருவாடு கழுவிப் பழகிய கைக்கு ஒரு நிமிட வேலை), வெறும் வாணலியில் லேசாகப் புரட்டி, ஒரு துண்டு தஷிமா கடற்பாசியோடு பத்து நிமிடம் கொதிக்கவிட்டு வடிகட்டுங்கள். கடற்பாசியை மட்டும் கொதி வந்ததும் எடுத்துவிடுங்கள், விட்டால் கொழகொழக்கும். வேலை முடிந்து இரவு ஒன்பதுக்கு வருகிறவர்கள் இதையெல்லாம் மறந்துவிட்டு, நாணயம் போல் வில்லையாக விற்கும் 'கோயின் யுக்சு' ஒன்று போடுங்கள். லேபிளைப் பார்த்துவிட்டு.

6. வதக்குங்கள், அவசரப்படாமல்

கிம்ச்சியைக் கத்தரிக்கோலால் நேராகப் பாத்திரத்துக்குள் வெட்டுங்கள். இங்கே சமையலறைக் கத்தரிக்கோல் இல்லாத வீடு இல்லை, ஒரு தடவை செய்தால் ஏன் என்று புரியும். வெட்டுப்பலகையில் வைத்து நறுக்கினால் அந்தச் சிவப்பு மஞ்சள்கறை மாதிரி, போகவே போகாது. இரண்டு விரல் அகலத்துக்கு வெட்டுங்கள், பொடியாக்க வேண்டாம்.

இறைச்சியை எண்ணெய் விடாமல் பாத்திரத்தில் போட்டு, மிதமான சூட்டில் கொழுப்பு இளகி அடியில் பளபளக்கும்வரை புரட்டுங்கள். அப்புறம் கிம்ச்சி, பூண்டு, சர்க்கரை. சர்க்கரையா என்று முகம் சுளிக்காதீர்கள், வத்தக்குழம்பில் கடைசியாக வெல்லம் போடுவதில்லையா, அதே கணக்கு. இனிப்பதற்கு இல்லை, புளிப்பின் முனையை மழுக்குவதற்கு.

இப்போது ஏழெட்டு நிமிடம் வதக்க வேண்டும். பெரும்பாலானவர்கள் அவசரப்படுவது இங்கேதான், நானும்தான். கிம்ச்சி ஏற்கெனவே சாப்பிடக்கூடியதுதானே என்று உடனே தண்ணீரை ஊற்றிவிடுவோம். முதலில் கிம்ச்சி நீர் விடும், சளசளவென்று இருக்கும், புளிப்பு மூக்கில் ஏறும். அந்த நீர் வற்றி, சத்தம் மாறி, சடசடவென்று கேட்க ஆரம்பிக்கும். இலையின் வெள்ளைத் தண்டு கண்ணாடியாகி, ஓரத்தில் சிவப்பு எண்ணெய் பிரிந்து நிற்கும். நமக்கு இது தெரிந்த அடையாளம்தான், தக்காளி வதங்கி எண்ணெய் பிரிகிற அதே நேரம். அங்கே அடுப்பைக் குறைத்து கொச்சுகாருவைப் போட்டு அரை நிமிடம் மட்டும் புரட்டுங்கள். சூடு அதிகமென்றால் கருகிக் கசந்துவிடும், அதற்கப்புறம் ஒன்றும் செய்ய முடியாது.

கடுகு தாளிக்கலாமா, கறிவேப்பிலை போடலாமா என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். போடலாம், யாரும் போலீசில் சொல்ல மாட்டார்கள். ஆனால் முதல் மூன்று தடவை இல்லாமல் வைத்துப் பாருங்கள்.

7. கொதி, டோஃபு, உப்பு

எடுத்து வைத்த அரிசித் தண்ணீரையும், கிம்ச்சி டப்பாவில் தேங்கிய சாற்றில் அரைக் கோப்பையையும் ஊற்றுங்கள். அந்தச் சாற்றைக் கொட்டிவிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனது பதறும், ருசி பூராவும் அதில்தான் இருக்கிறது. வெங்காயத்தைப் போட்டு, கொதி வந்ததும் சூட்டைக் குறைத்து, மூடியைச் சற்றுத் திறந்து 20 முதல் 25 நிமிடம். முகுன்ஜி என்றால் 40 நிமிடமாவது விடுங்கள், அதன் தண்டு பிடிவாதமானது.

உப்பை இந்த இடத்தில் போடாதீர்கள். கிம்ச்சியிலும் சாற்றிலும் இருக்கும் உப்பு கொதிக்கக் கொதிக்க இறங்கும், தண்ணீர் வற்றும், கடைசியில் ருசி பார்த்தால் பெரும்பாலும் போதுமானதாகவே இருக்கும். குறைந்தால் சூப்புக்கென்று விற்கும் சோயா சாஸ், குக்கன்ஜங், ஒரு தேக்கரண்டி. கொச்சுஜங் என்கிற சிவப்பு மிளகாய் விழுதைப் போடச் சொல்லிப் பலர் சொல்வார்கள். அரைத் தேக்கரண்டிக்கு மேல் போனால் சாறு கொழகொழவென்று இனித்துப் போய்விடும். நான் போடுவதில்லை.

டோஃபுவை ஒரு விரல் கனத்துக்கு வெட்டி மேலே பரப்பி, மிளகாய், வெங்காயத்தாள் தூவி ஐந்து நிமிடம். டோஃபு போட்ட பிறகு கரண்டியால் கிண்டாதீர்கள், பாத்திரத்தை இரண்டு பக்கமும் பிடித்து ஆட்டிவிடுங்கள். சூடான சோறு, ஒரு முட்டை பொரித்தது, கிம் என்கிற கடற்பாசித் தாள் இரண்டு. போதும்.

8. பன்றி வேண்டாம் என்பவர்களுக்கு

டின் டூனா இங்கே எல்லா மூலைக்கடையிலும் கிடைக்கும், டூனா போட்ட கிம்ச்சி ஜிகே கொரியர்களே வீட்டில் அடிக்கடி வைப்பதுதான், மாற்று என்று யாரும் நினைப்பதில்லை. டின்னில் இருக்கும் எண்ணெயை வடித்து அதிலேயே கிம்ச்சியை வதக்குங்கள், மீனைக் கடைசிப் பத்து நிமிடத்தில் போடுங்கள், முன்னால் போட்டால் தூளாகிவிடும்.

சைவத்துக்கு: வீகன் கிம்ச்சி, வதக்க துல்கிரும் என்கிற பெரில்லா எண்ணெய், மிதமான சூட்டில். காய்ந்த ஷிட்டாக்கே காளான் நாலைத் தண்ணீரில் ஊறப்போட்டு அந்தத் தண்ணீரையும் ஊற்றுங்கள். தொயெஞ்ஜங் என்கிற சோயா விழுது அரைத் தேக்கரண்டி கரைத்தால் இறைச்சி இல்லாத குறை தெரியாது. பெரில்லா எண்ணெய்ப் பாட்டிலைத் திறந்த பிறகு ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும், வெளியே வைத்தால் சீக்கிரம் சிக்கு வாடை அடித்துவிடும்.

9. மிச்சமும் குப்பையும்

மறுநாள் இன்னும் நன்றாக இருக்கும், மீன்குழம்பு போல. ஆறியதும் ஃப்ரிட்ஜில் வையுங்கள், டோஃபு இன்னும் சாறு குடித்திருக்கும். சூடாக்கும்போது கொஞ்சம் தண்ணீர் விட்டு 'ராம்யொன் சாரி' போடலாம், பொடி இல்லாமல் நூடுல்ஸ் மட்டும் வரும் பாக்கெட் அது.

குப்பைதான் வந்த புதிதில் எல்லோரும் மாட்டிக்கொள்ளும் இடம். உணவுக் குப்பைக்குத் தனிப் பை அல்லது தனித் தொட்டி. வெங்காயத்தோல், பூண்டுத்தோல், வெங்காயத்தாளின் வேர், முட்டை ஓடு, எலும்பு இவையெல்லாம் உணவுக் குப்பையில் சேராது. காசு கொடுத்து வாங்கும் பொதுக் குப்பைப் பையில் போக வேண்டும். மிச்சக் கிம்ச்சியை நீரைப் பிழிந்துவிட்டுத்தான் உணவுக் குப்பையில் போட வேண்டும். விதிகள் ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும், உங்கள் கட்டடத்தில் ஒட்டியிருக்கும் தாளைப் படம் எடுத்து மொழிபெயர்த்து வைத்துக்கொள்ளுங்கள். நான் வெங்காயத் தோலைத் தவறான பையில் போட்டதற்கு, அந்தப் பையே என் அறை வாசலுக்குத் திரும்பி வந்திருந்தது, ஒரு சீட்டோடு.

கிம்ச்சி டப்பாவுக்குப் பிளாஸ்டிக் வேண்டாம், கண்ணாடி வாங்குங்கள். மூடியில் வாங்கிய தேதியை எழுதி ஒட்டுங்கள். இந்தத் தடவை ஜிகே வைத்த கையோடு சந்தையில் இன்னொரு கிலோ புதுக் கிம்ச்சி வாங்கி ஃப்ரிட்ஜின் பின்பக்கம் தள்ளிவிட்டால், அடுத்த மாதம் இமோவிடம் வாளியை இழுக்கச் சொல்லத் தேவை இருக்காது.